நூற்றிருபது போதுமாம்

மௌமி, ஒஹாயோ
மார்ச் 9, 2026

அன்புள்ள மார்சிக்கு,

கிரெட்சன் எழுதுகிறேன். நானும் என் கிழட்டு நாயும் சுகம். நீ சுகமில்லை என்பது உன் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலேயே தெரிந்துவிட்டதால் அதைக் கேட்கப் போவதில்லை. வரிக்கணக்குக் காலத்தில், ஏப்ரல் பதினைந்து தாண்டும்வரை, பெற்ற தாய் கூப்பிட்டாலும் நான் தலை நிமிரமாட்டேன் என்று உனக்குத் தெரியும். இருந்தும் மேசையில் குவிந்து கிடப்பதையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். போன் செய்தால்தான் நீ எடுப்பதில்லையே.

அலுவலகத்தில் உனக்கு மேலே ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். நீ பார்த்து முடிக்கிற கணக்கில் கையெழுத்துப் போட அவளிடம் சி.பி.ஏ. உரிமம் இருக்கிறது, உன்னிடம் இல்லை. ஈஸ்டர் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு, அங்கேயே அரிசோனாவில் உன் அண்ணன் கடையில் தரை ஓடு விற்கப் போகிறாயாம். ‘இனிமே எனக்கு எதுக்குடி பரீட்சை’ என்ற வரியைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கோப்பையை உடைத்திருப்பேன். நல்ல கோப்பை, அதனால் தப்பித்தது.

சேதி இதுதான். இந்த ஜனவரியிலிருந்து இங்கே சட்டத்தை மாற்றிவிட்டார்கள். உரிமத்துக்கு நூற்றைம்பது கல்லூரிக் கிரெடிட் வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. நாலு வருஷப் பட்டம், அதாவது நம் இரண்டு பேரிடமும் அன்றைக்கே இருந்த அதே நூற்றிருபது, கூடவே இரண்டு வருஷ வேலை அனுபவம், அப்புறம் பரீட்சையில் தேர்ச்சி. அவ்வளவுதான். நான் நம்பாமல் உரிமம் கொடுக்கிற வாரியத்துக்கே போன் போட்டுக் கேட்டேன். அங்கே பேசிய பெண், “ஆமாங்க, போதும். உங்க சிநேகிதி கணக்கியல் பாடமெல்லாம் ஒழுங்கா முடிச்சிருக்காங்களா?” என்றாள். “முடிச்சாளாவா? எனக்கே அவதாம்மா சொல்லிக்கொடுத்தா” என்றேன். போனை வைத்தபிறகு கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷமா எரிச்சலா என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த 1999 கோடைகாலம் உனக்கு நினைவிருக்கிறதா? புது வருஷம் பிறந்தால் நூற்றைம்பது, அதற்குமுன் நவம்பர் பரீட்சையை எழுதிவிட்டால் நூற்றிருபது. அதற்காகத்தானே அப்படிப் பாய்ந்து பாய்ந்து படித்தோம். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் அப்போதும் நூற்றிருபதே போதும். “எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னா நான் படிச்சவ, இந்தப் பக்கம் நின்னா மக்கு” என்று சொல்லி, தரையில் ஒரு கோட்டைக் காட்டி அங்கேயும் இங்கேயும் குதித்தாய்.

உன் அப்பாவின் பௌலிங் கூடத்தில், கடைசிப் பாதைக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் மேசைதான் நம் படிப்பறை. பந்து உருண்டு போய்க் கட்டைகளை அடிக்கிற சத்தத்தில் எனக்கு ஒரு வரி ஏறாது. “இந்தச் சத்தத்துல படிச்சுட்டீங்கன்னா எமலோகத்துல உட்கார்ந்துகூட பரீட்சை எழுதலாம், பிள்ளைங்களா” என்பார் உன் அப்பா. கேட்காமலே வறுத்த உருளைக்கிழங்குத் தட்டை வைத்துவிட்டுப் போவார். அந்த இடத்தில் இப்போது பல் டாக்டர் இருக்கிறார். போன மாதம் பல்லைக் காட்டப் போயிருந்தேன். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு, நம் மேசை எங்கே இருந்திருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

பரீட்சை நடந்த கொலம்பஸுக்கு என் காரில்தான் போனோம். விடிந்தால் பரீட்சை என்ற நேரத்தில் விடுதிக்குப் போன் வந்தது. கட்டைகளை நிமிர்த்துகிற இயந்திரத்தில் உன் அப்பாவின் கை சிக்கிவிட்டது என்றார்கள். நீ ஒரு வார்த்தை பேசாமல் என் கார்ச் சாவியை எடுத்தாய். நானும் வருகிறேன் என்று கிளம்பியதற்கு, “நீ ஒருத்தியாவது எழுதுடி” என்று கத்திவிட்டுப் போனாய். நான் எழுதினேன். முடித்துவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்பினேன். அப்பா பிழைத்தார், வலது கைதான் பிழைக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கூடத்தை நீதான் நடத்தினாய். அதற்குள் வருஷம் பிறந்து, உன் நூற்றிருபது பற்றாமல் போய்விட்டது.

மீதி முப்பதை எதைப் படித்து வேண்டுமானாலும் நிரப்பலாம் என்றார்கள். கணக்கே தேவையில்லை, கிரெடிட் இருந்தால் சரி. ஜாஸ் இசை வரலாறு படித்தவர்கள் உண்டு, பானை செய்யப் படித்தவர்கள் உண்டு. நீ நோகாமல் முடியும் என்று பக்கத்துக் கல்லூரியில் பௌலிங் வகுப்பில் சேர்ந்தாய். வாத்தியார் யார் என்று பார்த்தால், வாராவாரம் உங்கள் கூடத்துக்கே வந்து பந்தை ஓரக் கால்வாயில் உருட்டுகிற மிஸ்டர் பைல்! அவர் உன்னிடம் நிற்கிற நிலை சரியில்லை என்று சொல்ல, நீ மொத்த வகுப்புக்கும் கேட்கும்படி, “சார், எங்க கூடத்துல உங்களுக்கு பௌலிங் ஷூ வாடகைக்குக் குடுக்கிறதே நான்தான். முதல்ல பந்தைப் பாதையில உருட்டப் பாருங்க” என்றாய். நீ வெளியே வந்து அதை என்னிடம் சொன்னதும் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதோடு நீ கல்லூரிப் பக்கமே போகமாட்டாய் என்று தெரிந்திருந்தால் நான் சிரித்திருக்கமாட்டேன்.

நீ கல்யாணமாகிப் போனாய், கட்டிக்கொண்ட ரிக்கும் உன்னை விட்டுவிட்டு வேறு வழி பார்த்துக்கொண்டு போனான். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் ஏப்ரல் பதினைந்து போய்விடும்.

ஒன்று கேட்கிறேன், மார்சி. தரை ஓடு ஓடிப்போகாது. இங்கே வா. அலுவலக மாடியில் அறை காலியாகத்தான் கிடக்கிறது, வெந்நீர் வர மட்டும் கொஞ்ச நேரமாகும். நாலு தாளையும் ஒரேயடியாக எழுத வேண்டியதில்லை இப்போது. ஒவ்வொன்றாக எழுதலாம், அதுவும் கணினியில். புதிதாக வந்ததெல்லாம் எனக்குத் தெரியும், பழையதெல்லாம் உனக்குத் தெரியும். சத்தம் வேண்டுமென்றால் நான் பாத்திரம் கழுவுகிறேன். பரீட்சை நாளில் காரை நான் ஓட்டுகிறேன். யார் போன் செய்தாலும் நான் எடுத்துக்கொள்கிறேன், என்ன ஆனாலும் நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன். நீ உள்ளே போய் எழுது.

இன்னொரு விஷயம். நம் இரண்டு பேர் பெயரும் போடலாம் என்று அன்றைக்கு அகலமாகச் செய்யச் சொன்னோமே, அந்தப் பெயர்ப்பலகைதான் இன்னும் வாசலில் இருக்கிறது. என் பெயர் ஒரு ஓரத்தில், மீதி வெறும் பச்சை. “உங்க பேரு என்னம்மா ஓரமாத் தொங்குது?” என்று வருகிறவர்களெல்லாம் கேலி செய்வார்கள். போன வாரக் காற்றில் அது கழன்று விழுந்துவிட்டது. திரும்ப மாட்ட வந்தவர், பெயரை நடுவில் எழுதித் தந்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். “அப்போ இந்த இடம் யாருக்குங்க?” என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக உன் பெயரைச் சொன்னேன். கல்யாணத்துக்கு முந்தைய பெயரைத்தான். இடம் போதுமா என்று பார்க்க, அவர் சாக்குக்கட்டியால் அதை எழுதிப் பார்த்தார்.

கச்சிதமாக இருக்கிறது. அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கே ஒரு வாரமாக மழை இல்லை, ஆனால் மார்ச் மாதத்தை நம்ப முடியாது என்று உனக்குத் தெரியும். கடவுள் உனக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும், சீக்கிரமாகக் கொடுக்கட்டும்.

என்றும் உன்,
கிரெட்சன்