மாடிப்படிச் சுவர், பதினெட்டு நாள்

ஜூலை 3
ஒன்பதாம் வகுப்புக் கணினிப் பாடத்துக்கு இந்த முறை தலைப்பே கொடுக்கவில்லை. "படமோ, பாட்டோ, விளையாட்டோ, உங்க இஷ்டம்" என்றேன். முப்பத்தெட்டு பேரும் நம்பாமல் பார்த்தார்கள். போன வருடம் எல்லாரும் ஒரே சூரியக் குடும்பத்தைச் செய்து தந்து என் உயிரை வாங்கினார்கள்.

ஜூலை 24
வந்தவற்றில் கால்பந்து பதினொன்று, பூனை ஒன்பது. நடுவில் ஒரு படம்: 'மாடிப்படிச் சுவர், பதினெட்டு நாள்'. எதைக் கண்டாலும் அளப்பதால் வகுப்பே 'ஸ்கேல்' என்று கூப்பிடும் பெண் எடுத்தது. எங்கள் பள்ளி மாடிப்படிச் சுவரின் வெடிப்புப் பக்கத்தில் ஸ்கேலை வைத்துத் தினமும் ஒரு புகைப்படம். எல்லாவற்றையும் கோத்து ஓட விட்டிருக்கிறாள். சத்தமே இல்லை.
'விறுவிறுப்பு போதாது, இசை சேர்க்கலாம்' என்று எழுதி, பத்துக்கு ஐந்து போட்டேன்.

ஜூலை 25
காலையில் அந்தப் படியில் ஏறக் கால் தயங்கியது. படத்தை மறுபடி ஓட்டினேன். முதல் நாள் வெடிப்பு இரண்டு மில்லிமீட்டர். கடைசி நாள் ஒன்பது. இதுக்கு என்ன மண்ணாங்கட்டி இசை கேட்டேன் நான்?

ஜூலை 26
கட்டட வேலை பார்க்கும் மச்சானிடம் காட்டினேன். "இது பூச்சு வெடிப்பு இல்ல மாப்ள. சுவரே இறங்குது. அதுக்குக் கீழ யாரையும் நடக்க விடாதீங்க."

ஜூலை 27
தலைமையாசிரியை படத்தை முழுதாகப் பார்த்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. "பிள்ளைங்க செஞ்சதைப் பார்க்கக் கண்காட்சிக்குப் பெத்தவங்க வர்றாங்க. இது வேண்டாம், அழிச்சிடுங்க. சுவரைப் பூசச் சொல்றேன். சுதந்திரம் குடுக்கிறேன்னு பிள்ளைங்கள இன்ஸ்பெக்டர் ஆக்கிடாதீங்க சார்."
தலையாட்டினேன். அழித்தேன். இன்னும் எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை - இது ஒரு காரணமா? காரணம்தான்.

ஜூலை 28
பூசிவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.
ஸ்கேல் வந்து நின்றாள். "என் படம் கண்காட்சி லிஸ்ட்ல இல்ல சார். தப்பா எடுத்துட்டேனா?"
உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வெளிச்சம் பத்தலம்மா" என்றேன்.
"எப்ப எடுத்தா சரியா வரும்?"
"காலைல, வெயில் விழுறப்ப." வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பூசிய சுவரில் எடுக்க என்ன இருக்கிறது என்ற தைரியம்.
"சரி சார்."

ஜூலை 31
புதுப் பூச்சில் நூல் போல ஒரு கோடு. நாளைக்குப் புகாரை எழுத்தில் கொடுத்துவிடுவேன். கண்டிப்பாக நாளைக்கு.

ஆகஸ்ட் 1
மழை. கண்காட்சி வேலை. கடிதம் எழுதியாயிற்று. மேசையில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 2
ஏழே முக்காலுக்குச் சுவர் விழுந்தது. மணி அடிக்க ஒரு மணி நேரம் இருந்தது. நல்லவேளை யாரும் இல்லை என்று வாட்ச்மேன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஸ்கேலின் அம்மா கேட்டுக்குள் ஓடி வந்தார்.

ஆகஸ்ட் 3
உயிர் இருக்கிறது. வலது காலை எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 5
விசாரணை. அதிகாரி கேட்டார்: "ஸ்கூல் தொறக்காத நேரத்துல அந்தப் பொண்ணுக்கு அங்க என்ன வேலை? யாரு போகச் சொன்னா?"
"இந்தக் காலத்துப் பிள்ளைங்க யார் பேச்சைக் கேக்குதுங்க" என்றார் தலைமையாசிரியை. யாரும் மறுக்கவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே பதிவாகியிருக்கும்.
எழுந்தேன். "நான்தான் சார் சொன்னேன்."
நடந்ததையெல்லாம் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன், படத்தை அழித்தது உட்பட. அவள் அம்மா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவில்லை.