இரண்டாம் பரீட்சகர்

ஜூன் 10, செவ்வாய்

ஆமாம், பென்சிலால்தான். மையில் எழுத எனக்கு அதிகாரம் இல்லை. தற்காலிக உதவி விரிவுரையாளர், பேராசிரியர் தியாகராஜாவின் விடைத்தாள்களை வாசித்து ஓரத்தில் பென்சிலால் புள்ளி போடுவார். பேராசிரியர் அதன் மேல் சிவப்புப் பேனையால் எழுதுவார். பிறகு பென்சிலை அழிக்க வேண்டும். அதுவும் நான்தான். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர்: முதலாம் பரீட்சகர்.

சமூகவியல், மூன்றாம் வருடம், தமிழ்மொழி மூலம். தொண்ணூற்றாறு விடைத்தாள்கள். மஹய்யாவவில் எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். இங்கே ஒரே மேசை. சோறும் அதில்தான், அயனும் அதில்தான். இனி உயர்கல்வியின் தரமும்.

ஜூன் 14, சனி

எழுபது முடிந்தது. அம்மா பிளேன்டீயைத் தாள்களின் மேலேயே வைத்தார். சிந்தியது. துவாயால் ஒற்றி எடுத்தேன்.

"என்னா இப்ப, காகிதந்தானே," என்றார் அம்மா.

பல்கலைக்கழகத்தின் கருத்தும் அதுவே.

ஜூன் 24, செவ்வாய்

அதே கட்டு திரும்பி வந்தது.

இரண்டாம் பரீட்சகர் கலாநிதி ஜஹானா. "கஜனி, இதக் கொஞ்சம் பாத்துத் தாங்களேன். மகள்ட ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் மீட்." புள்ளிகளை எழுதிக் கொடுத்தால் அவர் பச்சைப் பேனையால் நிரப்புவார்.

பல்லாயிரம் மாணவர்கள் படிக்கும் பல்கலைக்கழகம். எங்கள் துறையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர். இருவர் கையெழுத்து இடுவார்கள். இருவர் வாசிப்போம். இரண்டாம் வருடம் நுஸ்கிக்கு, மூன்றாம் வருடம் எனக்கு.

விதிப்படி ஒரு பரீட்சகரின் புள்ளி மற்றவருக்குத் தெரியக் கூடாது. தேநீர் ஆறும் வரை அந்த விதியைக் கடைப்பிடித்தேன். பிறகு என் கொப்பியைத் திறந்தேன். மாணவரின் சுட்டெண் ஒற்றையாக இருந்தால் மூன்று கூட்டினேன், இரட்டையாக இருந்தால் மூன்று கழித்தேன். ஒரு தாளையும் விரிக்கவில்லை. இருவருக்கும் பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் மூன்றாமவர் பார்ப்பார். என்னோடு நான் அவ்வளவு தூரம் முரண்படுவதில்லை.

நுஸ்கி சொன்னான்: "நீங்க ஒரு ஆள் இல்ல கஜனி, ஒரு குழு."

ஜூலை 15, செவ்வாய்

பெறுபேறு ஒட்டியாயிற்று. நடைவழியில் ஒரு பிள்ளை மறித்தாள். சுகிர்தா. ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். வகுப்பில் கடைசி வரிசை, கேள்வி கேட்காதவள்.

"மிஸ், நாலு கேள்வியும் எழுதினேன் மிஸ். நாலாவதுதான் நல்லா எழுதினேன். எப்படி மிஸ் பெயில்?"

"ரெண்டு பேர் தனித்தனியாப் பாக்குறாங்க சுகிர்தா. ரெண்டு பேருமா பிழை விடுவாங்க?"

என்ன குரல் அது. எங்கிருந்து வந்தது? கண்ணாடி போட்ட குரல்.

"அப்ப எம்மேலதான் பிழை போல மிஸ்."

பெயில் என்றால் அடுத்த வருடம் தனக்குக் கீழே படிக்கும் கனிஷ்டர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டும். எவ்வளவு எழுதினாலும் வெறும் சித்திதான் கிடைக்கும். முதலாம், இரண்டாம் வகுப்பு என்ற வகுப்புச் சித்தி போய்விடும். அவள் அழவில்லை. மீள்பரிசீலனைப் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். கையை நீட்டிக் காட்டினேன். உதவினேன் என்றுகூட நினைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

சுகிர்தாவின் மீள்பரிசீலனையும் என்னிடம்தான் வந்தது. வேறு யாரிடம் வரும்?

"கூட்டிப் பாத்தாக் காணும் பிள்ளை. பத்து நிமிச வேலை," என்றார் பேராசிரியர்.

பதினான்கு, பன்னிரண்டு, பதினொன்று. முப்பத்தேழு. கூட்டல் சரி. இங்கே கூட்டல் எப்போதும் சரி.

மூட வேண்டியதுதான் பாக்கி. பின்னட்டையில் ஒரு பழுப்பு வட்டம். முழு வட்டம் இல்லை, ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கிறது. எங்கள் வீட்டுக் கோப்பையின் அடி அந்த இடத்தில்தான் உடைந்திருக்கும்.

கடைசித் தாள்கள் சீனியில் ஒட்டிக் கிடந்தன. நகத்தால் பிரித்தேன். நாலாவது விடை. இரண்டரைப் பக்கம்.

கேள்வி சமூக அசைவைப் பற்றியது, யார் மேலே ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று. மற்ற தொண்ணூற்றைந்து பேரும் என் குறிப்புகளை எனக்கே திருப்பித் தந்தார்கள். இவள் தன் பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தைப் பற்றி எழுதியிருக்கிறாள். தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு இலக்கம் இல்லாததால் கடிதம் தோட்டத்து ஆபிசில் பதினொரு நாள் கிடந்ததாம். 'முகவரி இல்லாதவர் மேலே ஏறினாலும், ஏறிவிட்ட செய்தி அவருக்கு வந்து சேர்வதில்லை.'

இரண்டு தரம் வாசித்தேன். இருபத்தைந்துக்குப் பத்தொன்பது. மொத்தம் ஐம்பத்தாறு.

அவளுடைய செய்தியும் ஆபிசில்தான் கிடந்தது. இந்த முறை ஆபிஸ் நான்.

ஜூலை 23, புதன்

பேராசிரியருக்குக் கோபமே வரவில்லை. ஆச்சரியம்தான்.

"நீர் ஏன் திருப்பி வாசிச்சனீர்? கூட்டத்தானே சொன்னனான்."

"நாலாவது விடை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு சேர். என் பிழைதான்."

"ஓம், உம்மட பிழைதான். ஆனா சிவப்பு என்ர, பச்சை ஜஹானான்ர. தனித்தனியாப் பாத்த ரெண்டு பேரும் ஒரே விடையைக் காணேல்லை எண்டா, எப்பிடி எண்டு கேப்பினம். என்ன சொல்லுறது?"

நிரந்தரப் பதவிக்கான என் நேர்முகத்தைப் பற்றி விசாரித்தார். ஆகஸ்ட் பன்னிரண்டு என்றேன்.

"தெரியும். நானும் அந்தக் குழுவிலதான் இருக்கிறன்." ஆசீர்வாதம் மாதிரிச் சொன்னார்.

ஜஹானா மெடம் திகனயிலிருந்து ரோல்ஸ் வாங்கி வந்திருந்தார். "அந்தப் புள்ள அடுத்த வருஷம் எழுதட்டுமே கஜனி. இன்னம் நல்லா எழுதும். ஒங்கட இன்டர்வியூ முடியட்டும், இன்ஷா அல்லாஹ் பாப்போம்." இரண்டு சாப்பிட்டேன். நல்ல ரோல்ஸ்.

ஜூலை 27, ஞாயிறு

யாரும் அவளை ஏமாற்றவில்லை. டீ சிந்தியது. அவ்வளவுதானே. — அவ்வளவுதானா? டீ சிந்தினது ஒரு தரம். தாள திறக்காம மூணக் கழிச்சது யாரு?

ஆகஸ்ட் 1, வெள்ளி

பெரஹரா ஊர்வலத்துக் கூட்டம். பஸ் நகரவில்லை. பாதித் தூரம் நடந்தேன்.

பீடாதிபதி அலுவலகத்தில், நடந்ததை எழுதிய கடிதத்தைக் கொடுத்தேன். எழுதுவினைஞர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ்தானே மிஸ், பரவாயில்லை, தியாகராஜா சேருக்கு அனுப்பி மொழிபெயர்த்து எடுப்போம் என்றார் சிங்களத்தில். அன்பாகத்தான் சொன்னார்.

திரும்ப வாங்கிக்கொண்டேன். வெளியே இருந்த மர வாங்கில் உட்கார்ந்து சிங்களத்தில் எழுதினேன். என் சிங்களத்துக்கு அலங்காரம் தெரியாது, அதனால் கடிதம் நான்கே வரியில் முடிந்தது. முதலாம் பரீட்சகரின் புள்ளியும் இரண்டாம் பரீட்சகரின் புள்ளியும் நான் போட்டவை. முதல் தடவை சுகிர்தாவின் நாலாவது விடையைத் தவறவிட்டேன். இரண்டாம் தடவை தாளைத் திறக்கவே இல்லை. அந்த விடைக்குப் பத்தொன்பது புள்ளி.

எழுதுவினைஞர் வாசித்தார். மிஸ் நிரந்தரமா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு எழுத்துப் பிழையைத் தன் பேனையால் திருத்திவிட்டு, முத்திரை குத்தினார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேர்முகம். ஏழு நிமிடம். கடைசிக் கேள்வி பேராசிரியருடையது: "குழுவாக வேலை செய்யும் பண்பு உங்களிடம் உண்டா?"

"இதுவரை நான் குழுவாகத்தான் வேலை செய்தேன் சேர்."

மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். அவர் குறிக்கவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. நீடிப்பு இல்லை. காரணம் சொல்லும் வழக்கமும் இல்லை.

திருத்திய பெறுபேறு அறிவித்தல் பலகையில் இருந்தது. ஐம்பத்தாறு. காரணம்: எழுதுவினைஞர் தவறு. முத்திரை குத்திய அந்த மனிதர் இதை வாசித்திருப்பாரா?

சுகிர்தா துறைக்கு வந்தாள். "நான் சொன்னேன்தானே மிஸ்."

"சொன்ன. நாந்தான் கேக்கல. ரெண்டு தரமும் பாத்தது நாந்தான்."

"அப்ப அந்த ரெண்டு பேரும் நீங்களா மிஸ்?"

அவள் சிரிக்கவில்லை. நன்றி சொல்லவில்லை. அறிவித்தலைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் நுஸ்கியிடமிருந்து செய்தி. என் மேசை இப்போது அவனுக்கு. 'மறுபரீட்சைக் கட்டு ரெண்டாந்தரமும் எனக்கே வந்திருக்கு. ஒற்றைக்குக் கூட்டுறதா, கழிக்கிறதா?'

வாசிங்க என்று பதில் அனுப்பினேன்.

பிறகு அறைச் சாவியைக் கொடுத்தேன். பதிவேட்டில் பேனையால் கையெழுத்திடச் சொன்னார்கள். இட்டேன்.