பொருத்தனைப் பன்றியும் வாக்குப்பதிவு நாளும்

மே 9, செவ்வாய்

டிராகன் ராஜா என்று பெயர் வைத்த புயல் வந்து, ஊர்ச் சமூகக் கூடத்தின் கூரையையும் எங்கள் கிறிஸ்தவ சபையின் கூரையையும் பிய்த்துப் பாக்குத் தோப்பில் போட்டது சென்ற ஆண்டு அக்டோபரில். சபைக்கு நாங்களே ஏறித் தகரம் அடித்தோம். அரசாங்கக் கூடம் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் பிறகு, புத்தாண்டு வெடிச் சத்தம் அடங்கிய வாரத்தில், என் மனைவி ரபாய் கோழிக் கூண்டுக்கு முன்னால் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள்.

ஹுவாலியன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் ஒரு பொருத்தனை செய்தேன். ‘ஆண்டவரே, இவள் தன் காலால் நடந்து சபைக்கு வரும் நாளில், அதே நாளில், பெரிய பன்றியை வெட்டி ஊரில் ஒரு வீடு விடாமல் பங்கு வைக்கிறேன்.’ பன்றி நேர்ந்திருக்கிறேன் என்று எல்லாருக்கும் தெரியும். எந்த நாளில் என்பது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்.

இன்று அவள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுப்பு வரை நடந்தாள். நான் முழங்காலில் விழுந்து ஸ்தோத்திரம் சொன்னேன். எழுந்திருப்பதற்குள் போலீஸ்காரர் லியாவ் வாசலில் நின்றார்.

“தாத்தா, ஜூன் பத்தாம் தேதி ஊர்த் தலைவர் தேர்தல். அது முடியற வரைக்கும் வேட்பாளரோட சொந்தக்காரங்க யாரும் ஊருக்குக் கறி போடக்கூடாது. போட்டா அது லஞ்சம். மேலிடத்து உத்தரவு.”

வேட்பாளர்கள் இரண்டே பேர். ஒருவன் என் மகளின் புருஷன் உமிங். இன்னொருவன் ரபாயின் தம்பி தடாவ்.

நான் மறுபடியும் முழங்காலில் விழுந்தேன். இந்த முறை ஸ்தோத்திரம் வரவில்லை.

மே 10

பன்றி நன்றாகச் சாப்பிடுகிறது.

மே 12, வெள்ளி

தைவான் மலைவாசிகளான எங்கள் துருக்கு ஜனத்தில் பன்றி வெட்டினால் பங்கு வைத்தே ஆகவேண்டும். பிள்ளை பிறந்தாலும் பங்கு, சண்டை தீர்ந்தாலும் பங்கு. வாங்கியவன் நன்றி சொல்லமாட்டான், கொடுத்தவன் பெருமை பேசமாட்டான். இதை லஞ்சம் என்று சொன்னால் என் தாத்தாவுக்குப் புரியாது. ஆனால் சென்ற தேர்தலில் பக்கத்து ஊரில் ஒரு மனிதர் மகள் நிச்சயத்துக்குப் பன்றி வெட்டிப் பங்கு வைத்தார். அவர் அண்ணன் மகன் வேட்பாளர். வென்ற பதவியும் போயிற்று, அவரும் உள்ளே போய் வந்தார்.

போதகரிடம் போனேன். நாளைப் பற்றிச் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன்.

“அரசாங்கத்துக்குக் கீழ்ப்படியணுமா ஐயா?”

“கண்டிப்பா. அதை ஏற்படுத்தினதே தேவன்தான்.”

“பொருத்தனையைச் செலுத்தணுமா?”

“கண்டிப்பா. தாமதிக்கவே கூடாது.”

“ரெண்டும் ஒரே நாள்ல வந்து மோதினா?”

அவர் தேநீரை ஊதினார். நானே தொடர்ந்தேன்: “அந்தக் காசுக் கதையில, யார் மூஞ்சி இருக்குன்னு பாத்துத்தானே, ஆளுற ராயனுக்கு இது, தேவனுக்கு இதுன்னு கர்த்தர் பங்கு பிரிச்சாரு? பன்னிக்குப் பன்னி மூஞ்சிதான் இருக்கு.”

“மூஞ்சியைக் குடுத்தது படைச்சவர். அப்ப அது தேவனுக்கு.”

“காதுல கால்நடை ஆபீஸ்காரங்க குத்தின தகடு இருக்கே?”

நிறைய நேரம் யோசித்தார். “அப்ப காது ராயனுக்கு” என்றார்.

இதற்காகத்தான் ஏழு வருஷம் தைபேயில் வேதம் படித்தாராம்.

மே 14, ஞாயிறு

காலையில் ரபாய் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். “இன்னிக்கு நடந்தே போறேன்.”

நடந்தால் இன்றே பன்றி வெட்டவேண்டும். ஓடிப் போய் வயல் வண்டியைக் கிளப்பினேன். மூன்று சக்கரம், அதன் சத்தத்தில் அவள் திட்டியது கேட்கவில்லை. வாய் அசைந்ததில் பாதி புரிந்தது. சபை வாசலில் இறக்கிவிட்டால் அங்கிருந்து நடந்து உள்ளே போவாள், அதுவும் நடந்து வந்த கணக்குத்தானே? எனவே சக்கரத்தைப் படிமேலேயே ஏற்றினேன். பூந்தொட்டி ஒன்று போயிற்று. பிறகு அவளை முதுகில் தூக்கிக்கொண்டு பெஞ்சு வரை போனேன்.

இன்று அன்னையர் தினமாம். எனக்கு நினைவில்லை. பெண்கள் ஐக்கியத்தார் எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். ஐக்கியத் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும்!” என்று எனக்கு ஒரு துண்டு பரிசு கொடுத்தாள்.

ரபாய் என் காதருகே குனிந்து, “இறக்கி விடுடா, கழுதை” என்றாள். ஜெபம் ஆரம்பித்துவிட்டதால் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆண்டவரே, நான் என்ன செய்கிறேன்? நீர் நடக்க வைத்தவளை நான் சுமக்கிறேன். உம்மை ஏய்க்கிறேனா, இல்லை காத்திருக்கச் சொல்கிறேனா?

மே 17

உமிங் தன் படம் போட்ட சுவரொட்டியைப் பன்றித் தொழுவத்தில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். லியாவ் வந்து பார்த்தார்.

“தாத்தா, இந்தப் பன்னி எதுக்கு?”

“சாப்பிடறதுக்கு.”

“யாரு சாப்பிடறதுக்கு?”

“இப்போதைக்கு அதுதான் சாப்பிடுது.”

“சுவரொட்டியைக் கிழிங்க. பன்னி பிரசாரம் பண்ற மாதிரி இருக்கு.”

கிழித்தேன். கீழே விழுந்த பாதியைப் பன்றி தின்றது. இனி உமிங் அதன் வயிற்றிலும் இருக்கிறான். அதையும் லஞ்சம் என்பார்களோ?

மே 21, ஞாயிறு

செருப்பை அரிசிப் பெட்டியில் ஒளித்துவைத்தேன். வண்டி. முதுகு. கை தட்டல். என் முதுகு இனித் தாங்காது.

மே 25, வியாழன்

உமிங் வந்தான். “மாமா, சாமிக்கு நேர்ந்ததை எதுக்கு வெச்சுக்கிட்டே இருக்கீங்க? இந்த வாரமே வெட்டிடுங்களேன். சாமி காரியம்னா யாரு கேக்கப்போறாங்க?” அவன் கண்ணில் சாமியைக் காணவில்லை.

அவன் போனதும் தடாவ் வந்தான். எங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தானோ.

“மச்சான், பத்தாம் தேதிக்கு முன்னாடி கத்தி எடுத்தே, நானே போய் லியாவ்கிட்ட சொல்லுவேன்.”

“சொல்லு.”

கதவு வரை போய்த் திரும்பினான். “ஆனா என் வீட்டுப் பங்கை மறந்துடாதே. தொடைப் பக்கம்.”

மே 28

அதே. இப்போது மற்றப் பெண்கள் தங்கள் புருஷன்மாரை என்னைக் காட்டித் திட்டுகிறார்களாம். இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஜூன் 2, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

தொழுவத்தில் பன்றிக்குத் தவிடு கரைத்துக்கொண்டே வாய்விட்டு ஜெபித்தேன். ‘ஆண்டவரே, இன்னும் ஒரு வாரம் தவணை கொடும். அதுவரை அவள் சபைக்கு நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.’ ஆமென் என்று திரும்பினால் பின்னால் ரபாய் நிற்கிறாள். ஊன்றுகோல் இல்லை. அடிச்சத்தமே இல்லை. இவ்வளவு நன்றாக நடக்கிறாள் என்று எனக்கே தெரியாது.

“ஆக, பன்னிக்காகத்தான் என்னை மூட்டை மாதிரி தூக்கினியா?”

“பன்னிக்காக இல்ல ரபாய், சட்டத்துக்காக—”

“எழுந்து நடக்கணும்னு ஆண்டவர்கிட்ட கேட்டே. அவர் நடக்க வெச்சா, ஒக்காருடின்னு நீ சொல்றே. அவருக்கும் மேல பெரிய டாக்டரா நீ?”

“மருமகன் பதவி போயிடும். உன் தம்பியும் மாட்டிப்பான். என்னைப் புடிச்சுட்டுப் போவாங்க.”

“போகட்டும். ஆஸ்பத்திரியில நான் சாகக் கிடந்தப்ப இதெல்லாம் கூட்டிக் கழிச்சுட்டா நேர்ந்துகிட்டே?”

பன்றியும் தின்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

ஜூன் 4, ஞாயிறு

அவள் சபைக்கு வரவில்லை. “நடந்தா உனக்கு ஆபத்து. வண்டியில வந்தா எனக்கு வெக்கம். வீட்டுலயே இருக்கேன்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களை விட்டால், கல்யாணமான நாள் முதல் அவள் பக்கத்தில் இல்லாமல் நான் பாட்டுப் பாடியதில்லை. இன்று வாய் மட்டும் அசைந்தது. பெண்கள் ஐக்கியத்தார் “எங்கே ரபாய்?” என்றார்கள். உடம்பு சரியில்லை என்று பொய்யும் சொன்னேன். சட்டத்தை மீறக்கூடாது என்று ஆரம்பித்தேன். இப்போது பொய்யும் ஆயிற்று, தேவனை ஏய்த்ததும் ஆயிற்று, ஓர் ஆத்துமாவை ஆலயத்துக்கு வராமல் தடுத்ததும் ஆயிற்று. சட்டம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இல்லை. இது சரியில்லை. தேவனுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்துவேன். அரசாங்கத்துக்கு ஒளிக்கவும் மாட்டேன். முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்கிறேன். பிடித்தால் பிடிக்கட்டும்.

ஜூன் 5, திங்கள்

குளித்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு போலீஸ் நிலையம் போனேன். மாற்றுத்துணியும் பல்துலக்கியும் பையில்.

எல்லாவற்றையும் சொன்னேன். பொருத்தனை, வண்டி, அரிசிப் பெட்டிச் செருப்பு, பொய். “அவ எப்ப நடந்தாலும் அன்னிக்கு வெட்டுவேன். ரெண்டு வேட்பாளர் பேரையும் இழுக்காதீங்க, அவங்களுக்கு நாள் தெரியாது. என்னை மட்டும் எழுதிக்குங்க.”

லியாவ் பேனாவை மூடினார். “பையில என்ன?”

“பல்துலக்கி.”

அவர் எழுந்து உள்ளே போனார். சிரிக்கத்தான் போனார், கதவுக்குப் பின்னால் கேட்டது. திரும்பி வந்து மேலிடத்துக்குப் போன் பேசினார். பேசிவிட்டு, “சனிக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு வாக்குப்பதிவு முடியுது. பெட்டியை மூடினப்புறம் நீங்க திமிங்கலம் வெட்டினாலும் யாருக்கும் ஓட்டு மாறாது. பாட்டியை மறுநாள் ஞாயித்துக்கிழமை நடக்கச் சொல்லுங்க. அவ்வளவுதானே?” என்றார்.

அவ்வளவுதான்! ஒரு மாதமாக இதை அவளிடமே கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன்.

“யோசிக்கறேன்” என்றாள் ரபாய்.

ஜூன் 7

வாக்குப்பதிவு அறிவிப்பு வந்தது. அரசாங்கத்து எழுத்து எனக்குத் தெரியாது. சபையில் கிழவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்து மட்டும்தான். ரபாய்க்கு அதுவும் தெரியாது. உமிங்தான் படித்தான். சமூகக் கூடத்துக்குக் கூரை இல்லாததால் இந்த முறை வாக்குச்சாவடி சபையின் கூடத்தில்.

ரபாய் எழுந்து உட்கார்ந்தாள். “அப்ப சனிக்கிழமை நடந்து போய் ஓட்டுப் போடுவேன்.”

“ஞாயித்துக்கிழமைதானே—”

“நேர்ந்துகிட்டப்ப கிழமை சொன்னியா? சபைக்குன்னுதானே சொன்னே? வண்டிச் சாவியைத் தொட்டுப் பாரு.”

போதகரிடம் ஓடினேன். கூடம் சபையா, இல்லை வெறும் கட்டடமா?

“அதோட சிமெண்டுக்குக் காணிக்கை எடுத்தோம்ல? அப்ப சபைதான்.”

இந்த முறை யோசிக்கவே இல்லை அவர்.

ஜூன் 11, ஞாயிறு

நேற்று எழுதக் கை வரவில்லை. கையெல்லாம் கறி வாசனை.

மத்தியானத்துக்கு மேல் கிளம்பினாள். நான் பத்தடி பின்னால். தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பாக்குக் கடைக்காரி என்னைப் பார்த்து, “யுடாவ், முதுகு வலியா?” என்றாள். ரபாய் ஒரு முறைகூட நிற்கவில்லை. கூடத்துக்குள் போய், திரைக்குப் பின்னால் முத்திரை குத்தி, பெட்டியில் போட்டுவிட்டு வந்து சபைப் படியில் உட்கார்ந்தாள். மருமகனுக்கா தம்பிக்கா? “அரசாங்கம் ரகசியம்னு சொல்லியிருக்கு. நீதான் சட்டத்துக்கு அவ்ளோ பயப்படறவனாச்சே” என்றாள்.

நாலு மணிக்குத் தயாராக இருக்கவேண்டும் என்று நான் பன்றியைக் கயிறு கட்டிச் சபைப் பக்கம் ஓட்டி வந்தேன். அதுதான் தப்பு. வருஷக்கணக்காகத் தொழுவத்தை விட்டு வராத பன்றிக்கு வெளிச்சத்தைக் கண்டதும் இளமை திரும்பிவிட்டது. கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு நேரே வாக்குச்சாவடி வரிசைக்குள் பாய்ந்தது. கிழவிகள் மேசைமேல் ஏறினார்கள். உமிங் ஒரு பக்கம், தடாவ் ஒரு பக்கம் பாய்ந்தார்கள்.

“வேட்பாளர் யாரும் பன்னியைத் தொடக்கூடாது!” என்று கத்தினார் லியாவ். “இன்னும் நாலு மணி ஆகல!”

இருவரும் கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார்கள். நானும் சொந்தக்காரன், தொடக்கூடாது. போதகர் வெள்ளைச் சட்டை. கடைசியில் அரசாங்கமே பாய்ந்தது. லியாவ் சேற்றில் விழுந்து பன்றியின் பின்னங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பெட்டியை மூடும் வரை விடவில்லை. தொப்பி பன்றிக்கு அடியில்.

தடாவ் ஜெயித்தான். உமிங் கொஞ்சம் அழுதான். பிறகு ஜெயித்தவனும் தோற்றவனுமாகச் சேர்ந்து வெந்நீர் காய்ச்சி மயிர் சிரைத்தார்கள். நாள் முடிவதற்குள் ஒரு வீடு விடாமல் பங்கு போயிற்று. தலைவர் வீட்டுக்குத் தொடைப் பக்கம் போகவில்லை. எல்லாருக்கும் எல்லாப் பக்கமும்தான். காதை மட்டும், போதகர் சொன்னபடி, தகடோடு லியாவிடம் கொடுத்தேன். கூடவே ஒரு முழுப் பங்கு.

அவர் ரபாய் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, சட்டையில் காய்ந்த சேற்றைச் சுரண்டினார்.

“ஏன் தாத்தா, நீங்க ஊர்க்காரங்க எல்லாம் எப்பவுமே போலீஸ் பேச்சுக்கு இப்படித்தான் பயப்படுவீங்களா?”

ரபாய் சிரித்தாள். அவள் சொல்லமாட்டாள், நான்தான் சொன்னேன். ஜப்பான்காரன் எங்களை ஆண்ட காலத்தில் இந்தச் சபை கிடையாது. வேதம் பேசினால் போலீஸ் அடிக்கும். அப்போது மலைக்கு மேலே ஒரு குகையில் கூடி ஜெபம் செய்தார்கள். எங்கள் வீட்டார் அன்று விசுவாசிகள் இல்லை, நாங்கள் போகவில்லை. போனவர்களை ஊருக்கே தெரியும். லிதுக் போனார், அடி வாங்கிய முதுகு கடைசி வரை நிமிரவில்லை, செத்துப்போனார். பிசாவும் அவர் மனைவியும் போனார்கள், இருவரும் இல்லை. கண் தெரியாத கிழவர் வாலிஸ் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். அவரும் இல்லை, மகனும் இல்லை. தடாவை வயிற்றில் சுமந்துகொண்டு இவால் போனாள். இன்னொரு பிள்ளையையும் தூக்க முடியாததால், ஆறு வயதில் அம்மாவின் துணியைப் பிடித்துக்கொண்டு, அந்த மலை முழுக்கத் தன் காலால் நடந்தே ஏறியவள் ஒருத்தி. அவர்களில் இன்று உயிரோடிருப்பது அவள்தான். ரபாய்.