சைலன்சருக்குள் இல்லாத மண்

இதை எழுதுகிற விரல்களில் இன்னும் கரி வாடை அடிக்கிறது. மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. உன் மோட்டார் சைக்கிளின் சைலன்சருக்குள் இருந்த கரி. மயிலாப்பூரில் நானும் சாந்தோமில் நீயுமாக இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு என்று உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. பேச்சை நிறுத்திய காலத்திலும் எழுதவில்லை. நீ போய் ஆறு மாதம் ஆன பிறகு, பதில் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன். எனக்கு ஒன்று விளங்கவில்லை.

உன் வீட்டம்மா வண்டியை விற்க முடிவு செய்துவிட்டார். "வாங்கறவர் வர்றதுக்குள்ள ஒருவாட்டி பாத்து சுத்தம் பண்ணிக் குடுங்கண்ணே. அவர் இருந்தா உங்ககிட்டதான் குடுப்பார்" என்றார். நீ இருந்தால் என்னிடம் கொடுத்திருப்பாயா என்பது வேறு விஷயம். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, நேற்றுக் காலை கிணற்றடியில் வைத்து சைலன்சரின் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே சத்தத்தை அடக்க நான் சுட்டு வைத்த மண் வளையங்கள் ஏழும் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில், உடம்பெல்லாம் ஓட்டை போட்ட தகரக் குழாய் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. திருடன் வீட்டுக்குள் புகுந்து, இருந்ததை எடுத்துக்கொண்டு, வேறொன்றை வைத்துக் கதவையும் சாத்திவிட்டுப் போனது போல இருந்தது எனக்கு.

யுத்தம் முடிந்து பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்டபோது நீ வாங்கிய வண்டி அது. வீடு வீடாகப் போய் ஊசி போடுகிற கம்பவுண்டருக்கு மோட்டார் சைக்கிள் கேட்கிறதா என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சைலன்சரைத் தட்டிப் பார்த்து, "இது வெறும் டப்பா, உள்ள ஒண்ணும் இல்ல" என்றேன். உள்தகடெல்லாம் துருவேறிக் கொட்டிப்போயிருந்தது. நீ கச்சேரி ரோட்டில் திரும்பினால் லஸ்ஸில் என் தையல் மிஷின் ரிப்பேர் கடைக்குக் கேட்கும்.

மாம்பலத்தில் ஒரு குழந்தை. இரண்டு நாள் ஜுரத்தில் அழுது ஓய்ந்து அப்போதுதான் கண் அயர்ந்திருந்தது. உன் வண்டி வாசலில் வந்து நின்றதும் வீரிட்டு எழுந்தது. அதன் தாய் உன்னைத் திட்டியிருந்தால் நீ மறந்திருப்பாய். அவள் கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, நாளைலேர்ந்து தெருமுனையிலயே அணைச்சிடுங்கய்யா" என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு தெருமுனையிலும் எஞ்சினை அணைத்து, அவ்வளவு கனமான வண்டியை நோயாளி வீடுவரை தள்ளிக்கொண்டு போனாய். மூச்சு வாங்கிக்கொண்டே ஊசியைக் கையில் எடுக்கிற உன்னைப் பார்த்து நோயாளிகள் பயந்தார்கள். ஒரு நாள் என் கடைக்கு வந்து, "அண்ணாத்தே, இத்த எப்டியாவது வாயடைச்சுக் குடு. உன்னாலதான் ஆவும்" என்றாய்.

நான் யாரிடமும் தொழில் கற்றவன் இல்லை. மிஷினைப் பிரித்தேன், பூட்டினேன், தெரிந்துகொண்டேன். சைலன்சருக்கும் நானே யோசித்தேன். சத்தம் என்பது அவசரமாக வெளியே ஓடுகிற காற்று. அதற்கு ஆயிரம் வாசல் காட்டினால் எதில் போவது என்று தெரியாமல் அடங்கிவிடும். களிமண்ணில் உமியைப் பிசைந்து வளையம் பிடித்துச் சுட்டால், உமி எரிந்துபோய் மண்ணில் ஆயிரம் ஓட்டை நிற்கும். அடுப்பில் வளையங்களை அடுக்கியபோது என் வீட்டுக்காரி, "சோறு பொங்கற அடுப்புல கம்பவுண்டர் வண்டிக்கு வடை சுடறீங்களா?" என்றாள். நீ சமையலறை வாசலில் நின்று, "அண்ணி, சட்னி கீதா?" என்று கேட்டாய். அவளும் சிரித்துவிட்டாள்.

கழற்றிப் பூட்டுகிற மாதிரி பின்மூடி செய்து பொருத்த ஜாம் பஜாரிலிருந்து தகர வேலை செய்கிற பாயைக் கூட்டி வந்தாய். அவர் வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"மண்ணு நிக்காது மிஷின்காரரே. வண்டி குதிக்கும், இது ஒடையும். தகரத்துல ஓட்டை போட்டு ஒரு குழாய் உள்ள வுட்டா சோலி முடிஞ்சுது."

"நீ புனல் அடிக்கிறவன் பாய். புனல் அடி. எஞ்சின் சமாச்சாரத்துக்கு வராதே."

மூடியைப் பொருத்தி முடித்தார். கொடுத்த டீயைக் குடிக்காமல் போனார். நீ அவரோடு தெருமுனைவரை போய்விட்டு வந்தாய். என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை.

வண்டி அடங்கிவிட்டது. அதை யாரும் மறுக்க முடியாது. பின்னால் நான் உட்கார்ந்து அடையாறு பாலம்வரை போய் வந்தோம். ஓடுகிற வண்டியில் நீ பேசியது எனக்குக் கேட்டது. போகிற வீடெல்லாம், "எங்க அண்ணாத்தே கை வேலை" என்று சொன்னாய். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என் வேலையை என் பெயரோடு சேர்த்து இன்னொரு தெருவில் சொன்னதில்லை.

அதனால்தான் பிறகு நடந்தது என்னைச் சுட்டது. அதே வேலை தன் வண்டிக்கும் வேண்டுமென்று கேட்ட ஒரு வாத்தியாரை, "அது என் வண்டிக்குத்தான் ஒத்துக்கும் சார், உங்களுக்கு வாணாம்" என்று நீ திருப்பி அனுப்பினாய். இன்னும் இரண்டு பேரையும் அப்படியே. வாத்தியாரே வந்து என்னிடம் சொன்னார். நேராக உன் டிஸ்பென்சரிக்கு வந்து, நோயாளிகள் வரிசையின் முன்னால், "நான் நாலு பேர்கிட்ட பேர் வாங்கினா உனக்கு என்னடா எரியுது?" என்று கத்தினேன். நீ சீசாவில் மிக்சர் ஊற்றிக்கொண்டிருந்தாய். தலை நிமிரவில்லை. "அண்ணாத்தே, மருந்து அளக்கறப்போ பேசாதே" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது. ஒரு வருஷத்துக்கு மேல் நான் உன் தெருப்பக்கம் போகவில்லை. உன்னை எடுத்துப் போன அன்று கல்லறைத் தோட்டத்து வாசல்வரை வந்தேன். உள்ளே வரவில்லை. அப்போதும் எனக்குக் கோபம்தான்.

நேற்று மத்தியானம் அந்தத் தகரக் குழாயைத் துணியில் சுற்றிக்கொண்டு ஜாம் பஜாருக்குப் போனேன். பாய் என்னைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இன்னா மிஷின்காரரே, புனல் வேணுமா?"

குழாயை அவர் முன்னால் வைத்தேன். "இது எப்போ?"

"வண்டிய முடிச்சீங்களே, அதே வாரம். ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசை முடிஞ்சு நேரா வந்தாரு. பின்னால உம்ம மண்ணு செங்கப்பொடியா கொட்டிக்கினே வந்துது. வெள்ளை பேண்ட்டெல்லாம் செவப்பு."

அந்தச் சிவப்பை நானும் பார்த்திருக்கிறேன். மாம்பலம் ரோட்டுப் புழுதி என்று நீ சொன்னாய். நான் நம்பினேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. அவர் போயிட்டாரு, நீங்களும் கேட்டுட்டீங்க, இனிமே இன்னா? நானும் அன்னிக்கே கேட்டேன், என் வேலைக்கு ஏன் அந்தாளு பேருன்னு. 'அவருக்கு அது ஒண்ணுதான் பாய்'னாரு. நல்ல மனுசன். நான் வுட்டுட்டேன்."

அது ஒண்ணுதான் என்றால் எது? மயிலாப்பூரில் பாதி வீட்டு மிஷின் என் கையால் ஓடுகிறது. எனக்கு மனைவி இருக்கிறாள், கடை இருக்கிறது. நீ எதைச் சொன்னாய்? அந்த மூன்று பேரை நீ தடுத்ததற்கு இப்போது காரணம் தெரிகிறது. அவர்கள் வண்டியிலும் மண் கொட்டியிருக்கும், ஊரே என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். அதைத் தடுத்தாய். சரி. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் தாங்கமாட்டேன் என்று யார் உனக்குச் சொன்னது? இன்னும் ஒரு பிடி உமியைக் குறைத்து, இன்னும் அரை நாள் சுட்டிருந்தால் அந்த வளையம் நின்றிருக்கும். இப்போதும் சொல்வேன். நீ அன்பில் செய்தாயா, இரக்கப்பட்டுச் செய்தாயா? இரண்டும் ஒன்றென்று நீ சொல்வாய். எனக்கு ஒன்றில்லை.

பாயிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் கொடுத்த டீயை மட்டும் குடித்தேன்.

இன்று காலை குழாயைத் திரும்பப் பூட்டி வண்டியை உன் வீட்டில் விட்டேன். வாங்க வந்தவர் அடையாற்றுக்காரர். எஞ்சினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். "பட்டாளத்து வண்டி மாதிரியே இல்லையே. யார் பண்ணது?"

பாயின் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பொய் எனக்குப் பழக்கமில்லை. அதற்குள் உன் வீட்டம்மா, "இதோ, எங்க அண்ணன்தான். எங்க வீட்டுக்காரர் அதைச் சொல்லாத நாளில்லை" என்றார். கண்ணீர் நிறைந்த கண்ணோடு என்னைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் நீ அந்த வீட்டில் தினமும் பொய் சொன்னவன் ஆவாய். ஆமாம் என்றால் பாயின் உழைப்பை இரண்டாவது தடவையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தலையை ஆட்டினேன். என் ஆயுளில் இன்னொருத்தன் வேலையை என்னுடையது என்று தலையாட்டியது இதுதான் முதல் தடவை.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். உனக்காக ஆட்டினேனா, அந்த அம்மாவுக்காகவா? அல்லது, அந்த மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்த அந்த ஒரு நொடியை விட்டுக்கொடுக்க எனக்கே மனம் வரவில்லையா? அப்படியானால் 'அவருக்கு அது ஒண்ணுதான்' என்று நீ பாயிடம் சொன்னது சரியாகிவிடுகிறது. அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒப்புக்கொள்ளாமல், அதைத்தான் இப்போது சுமந்துகொண்டிருக்கிறேன்.