ஈஸ்ட் போட்டது மாப்பிள்ளை இல்லை

அன்புள்ள கண்ணுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா, மாப்பிள்ளை, நான் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாத்திரையை மட்டும் நான் முறைத்துப் பார்த்தால்தான் போடுகிறாள். மாடிக் குடித்தனக்காரர் குழாயை நானே சரிசெய்கிறேன் என்று கிளம்பினார், முன்பு சொட்டியது இப்போது ஊற்றுகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே, அப்பா எதற்குப் பேனாவைத் தூக்கினார் என்று நினைப்பாய். நீ போன் பண்ணும்போது மாப்பிள்ளையும் பக்கத்தில்தான் இருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ வைத்துவிட்டுப் போன மீன்தொட்டி விஷயம்தான். செடியெல்லாம் மஞ்சளாகிறது என்று மாப்பிள்ளை உன்னிடம் புலம்பினார். சிலிண்டரெல்லாம் வாங்க வேண்டாம், காலி சோடா பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டால் போதும், அதிலிருந்து வருகிற கார்பன் டை ஆக்சைடைக் குழாய் வழியாகத் தொட்டிக்குள் விட்டால் செடி அதைத் தின்று வளரும் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற கை அல்லவா, மாப்பிள்ளை மூடியில் குழாய் நுழைகிற அளவுக்கு மட்டும் ஓட்டை போட்டு, சுற்றிலும் பசை வைத்து, துளி கசியாமல் அடைத்தார். காலையில் விளக்கைப் போட்டதும் குழாயைத் தொட்டிக்குள் விடுவார், ராத்திரி விளக்கை அணைக்கும்போது வெளியே எடுத்துவிடுவார், இருட்டில் செடி அதை எடுத்துக்கொள்ளாதாம். கொஞ்ச நாளிலேயே செடி பச்சை பிடித்துவிட்டது. புது இலை விட்டால் கடைக்குப் போகிற அவசரத்திலும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார ஆரம்பித்தேன்.

அங்கே உட்கார்ந்ததுதான் வினை. குழாயிலிருந்து ஒரு குமிழ் வரும், நான் ஒரு கொட்டாவி விட்டு முடித்த பிறகுதான் அடுத்தது வரும். பேக்கரியில் தலை நரைக்கும்வரை மாவு பிசைந்தவன் நான், ஈஸ்டைப் பற்றி எனக்கே பாடமா என்று ஒரு திமிர். அவர் இல்லாத ஒரு மதியம் பாட்டிலைக் கொட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கை நிறையச் சர்க்கரையும் பாதி பாக்கெட் ஈஸ்ட்டும், பன் மாவுக்குப் போடுகிற கணக்கில் போட்டு மூடினேன். சற்று நேரத்தில் குமிழ் சரம் சரமாகப் பாய்ந்தது, எனக்குப் பெருமை பிடிபடவில்லை. குமிழ் என்றால் காற்று, காற்று மீனுக்கும் நல்லதுதானே என்பது என் அறிவு. அன்று மாப்பிள்ளை அசந்துபோய் வந்தார். நீங்கள் படுங்கள், குழாயை நான் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எடுக்கவில்லை. இவ்வளவு நன்றாக வருவதை ஏன் நிறுத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

விடிந்தபோது மீன்கள் செத்து மிதந்தன. நீ குண்டு என்று கூப்பிடுவாயே, அந்த மீன் மட்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு தவித்தது. அம்மா போட்ட சத்தத்தில் மாடிக்காரரும் இறங்கி வந்துவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன் கண்ணு, என்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முந்தின நாள் மாப்பிள்ளை புதுத் தீனி வாங்கிப் போட்டிருந்தார், அதுதான் என்று நானே முடிவுகட்டி, அந்த மாடிக்காரர் முன்னால், மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு நாலு மீனைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று கேட்டுவிட்டேன். எழுதும்போதே கை கூசுகிறது. நீ வேலைக்காக அவ்வளவு தூரம் போனபோது, மாமாவையும் அத்தையையும் தனியாக விட வேண்டாம் என்று தானாக வந்து நம்மோடு இருப்பவர் அவர். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார், அடியில் ஈஸ்ட் சேறாகப் படிந்திருந்தது. என்னையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குண்டுவுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு, சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. ஈஸ்ட் கூடிப்போனா மீனுக்கு மூச்சு முட்டும்ப்பா, அதுவும் ராத்திரியெல்லாம் விட்டா பிழைக்காது, உங்க மாப்பிள்ளை கை தவறி நிறையப் போட்டுட்டாராம், அவரே ஒத்துக்கிட்டார், நல்லாத் திட்டி விட்டிருக்கேன் என்று சொல்லிச் சிரித்தாய். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலை நிமிராமல் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நான் உம் கொட்டினேன். அந்த ஒரு உம்மை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. இப்போது கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துவிட்டார், போய்வர அலைச்சலாக இருக்கிறதாம், ஒன்றாம் தேதி போகிறாராம். அம்மா அதை நம்பிக்கொண்டு போர்வையும் பாத்திரமும் எடுத்து வைக்கிறாள். அலைச்சல் இல்லை கண்ணு, என் நாக்குதான். மன்னிப்புக் கேட்கலாம் என்று அவர் அறை வாசல்வரை போவேன், காபி வேணுமா மாப்பிள்ளை என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். பாவம், எனக்காக அவரும் கணக்கில்லாமல் காபி குடித்துவிட்டார்.

ஈஸ்ட் போட்டது நான், குழாயை எடுக்காதது நான், பழி போட்டதும் நான். அவரைத் திட்டியதற்கு நீ முதலில் அவரிடம் சமாதானம் சொல், அப்புறம் என்னைத் திட்டு, போனைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை முதலில் அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லப் போகிறேன், படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன், போகாதீங்க மாப்பிள்ளை என்று வாய்விட்டுக் கேட்பேன், மாடிக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் கேட்பேன். ஆனால் தபாலில் போட மட்டும் அவரிடம் கொடுக்க மாட்டேன். என் மானத்தைக் காப்பாற்ற அவர் இதைக் கிழித்துப் போட்டுவிடுவார், அதனால் நானே நடந்துபோய்ப் பெட்டியில் போடுகிறேன்.

குளிர் காற்றில் காதை மூடாமல் போகாதே, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் இரண்டு பேரும் சீக்கிரம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

தலைகுனிவோடு,
உன் அப்பா