அத்தான் வந்த கப்பலின் பாதிப் படம்

என்ர செல்ல விசரன் குலத்துக்கு,

நேற்றுப் பின்னேரம் கொடியில சேலை காயப்போட்டுக்கொண்டு நிண்டனான். கடலில தூரத்தில ஒரு புகை. கையில இருந்த சேலையை அப்பிடியே விட்டிட்டு, "குலம், கெதியாய் வா, புகை தெரியுது" எண்டு கத்திப்போட்டன். அம்மா குசினிக்குள்ள இருந்து எட்டிப் பாத்தா. நான் குனிஞ்சு சேலையை எடுத்து மண்ணைத் தட்டினன். நீ போய் ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு, என்ர வாய்க்கு மட்டும் இன்னும் அது தெரியாது.

நீ எனக்கு ஒரு படம் தாறன் எண்டு சத்தியம் பண்ணினதெல்லோ? உன்ர அத்தான் திரும்பி வாற கப்பலின்ர படம். அதைப் பற்றிச் சொல்லத்தான் இருந்து எழுதுறன். நீ இடையில புகுந்து கதையைக் குழப்பமாட்டாய் எண்டது ஒண்டுதான் இதில வசதி. அந்த வசதி எனக்கு வேண்டாம், ஆனால் கிடைச்சிட்டுது.

கொட்டாஞ்சேனை வீட்டு மேல்மாடி யன்னலை நினைவிருக்கா? ஓட்டுக் கூரைகளுக்கு மேலால துறைமுகத்துப் பாய்மரக் கம்புகளும் புகைபோக்கிகளும் தெரியும். கோயில் மணியும் கப்பல் சங்கும் ஒண்டாய்க் கேட்டால் நீ சோத்துக் கோப்பையை விட்டிட்டு யன்னலுக்கு ஓடுவாய். ஐயா பென்சன் எடுத்து எங்களை வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்த நேரம் நீ மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிஞ்சாய். இஞ்ச என்ன இருக்கு, வெறும் தண்ணி எண்டு சொன்னனீ. பிறகு ஒருநாள் தண்டவாளக் கரையில நிண்டு, தெற்கால இருந்து வாற கப்பலெல்லாம் எங்கட றோட்டு முனைக்கு நேராய்த்தான் போகுது எண்டு கண்டுபிடிச்சாய். அதோட உன்ர கப்பல் விசர் ரெட்டிப்பாச்சு.

உத்தியோகம் கிடைச்சு முதல் சம்பளத்தில புறக்கோட்டையில ஒரு பழைய பெட்டிக் கமரா வாங்கிக்கொண்டு வந்தாய். அம்மாவுக்குச் சேலை வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்த நான், பெட்டியைத் திறந்து பாத்திட்டு ரெண்டுநாள் உன்னோட கதைக்கேல்லை. மூண்டாம் நாள் உன்னோட ரயில் கோச்சியில ஓடிக்கொண்டிருந்தன். எனக்கும் கொஞ்சம் விசர்தான்.

அந்த ஓட்டத்தை ஆருக்குச் சொன்னால் நம்புவினம்? வெள்ளவத்தையில புகையைக் கண்டால் உடன ஸ்டேசனுக்கு ஓட்டம். கோச்சி கடலோரமாய்ப் போகும், கப்பலும் எங்களோட வரும். நீ யன்னலால தலையை வெளியில போட்டு, நாங்கள் முந்திட்டம், இல்லை அவன் முந்திறான் எண்டு கத்துவாய். பக்கத்தில இருக்கிற, கந்தோருக்கு வேலைக்குப் போற ஐயாமார் பேப்பரை மடக்கி வைச்சிட்டு அவையும் எட்டிப் பாப்பினம். கொள்ளுப்பிட்டியில கோச்சி நிண்டால் நீ கதவில தட்டி அதை விரட்டுவாய். கோட்டையில இறங்கி, துறைமுகத்தின்ர அலைதடுப்பு அணைக்கு ஓடி, அந்தக் கல்லுப் பாதையில நுனிமட்டும் நடந்து போனால், கப்பல் அப்பத்தான் ரெண்டு அணைக்கும் நடுவால உள்ளுக்குத் திரும்பும். அந்த இடத்தில அது எவ்வளவு கிட்ட வரும்! மேல்தட்டில உடுப்புக் காயப்போட்டிருக்கிறதுகூடத் தெரியும்.

என்னை ஏன் உன்னோட விட்டவை? நீ கடலுக்குள்ள விழாமல் பாக்கத்தான். கமராவை மட்டும் ஒருக்காலும் என்ர கையில தந்ததில்லை. "அக்கா, நீ மூச்சு விட்டாலே அது ஆடும்" எண்டு சொல்லுவாய். எடுத்த படங்களைச் சோத்துப் பசை போட்டுச் சுவரில ஒட்டி, அந்தப் பசைக்குக் கரப்பான் வந்து, அம்மா விளக்குமாத்தோட வந்ததும் நினைவிருக்குத்தானே. மாட்டுக் கொட்டில்போல அழுக்காய்க் கிடக்கிற சரக்குக் கப்பலைப் பாத்து "என்ன வடிவு" எண்டு சொல்லுற ஒரு பிறவியை நான் உன்னைத் தவிரக் காணேல்லை.

பிறகு என்ர கலியாணம். மலாயாவில றெயில்வே கிளாக்கர், லீவில வந்த மாப்பிள்ளை. சொந்தமெல்லாம் என்னைப் பாத்துப் பொறாமைப்பட்டுது. குவாட்டர்ஸ் வீடு கிடைச்ச உடன கூப்பிடுறன் எண்டு சொல்லிப்போட்டு உன்ர அத்தான் தனியாய்க் கப்பல் ஏறினார். நீ படம் எடுத்தாய். கழுவி வந்ததைப் பாத்தால் நகத்தளவு ஒரு கப்பல். இதில அவர் எங்க எண்டு கேட்டன். ஒரு புள்ளியைக் காட்டினாய். நான் அழத் தொடங்கினதும் உனக்குக் கை கால் ஓடேல்லை.

"அழாதை அக்கா. அத்தான் திரும்பி வரேக்க அணை நுனியில நிண்டு, ஆளைத் தெரியத்தக்கதாய் எடுத்துத் தாறன். அவரிட்டையும் சொல்லிப்போட்டன், மேல்தட்டுக்கு வந்து நில்லுங்கோ, நான் நுனியில நிப்பன் எண்டு."

அது வெறும் ஆறுதல் பேச்சு எண்டுதான் அப்ப நினைச்சனான். பேந்து சண்டை வந்து, ஜப்பான்காரன் மலாயாவைப் பிடிச்சு, கடிதம் நிண்டு, வருசம் வருசமாய் ஒரு சொல்லும் இல்லாமல் போனபிறகு, என்ர கையில பிடிச்சுக்கொள்ள இருந்தது உன்ர அந்தச் சத்தியம் ஒண்டுதான். வாற கப்பலைப் படம் எடுக்கிறன் எண்டு ஒருத்தன் சொன்னால், கப்பல் வரும் எண்டுதானே கருத்து?

சண்டைக் காலத்தில துறைமுகப் பக்கம் கமராவோட போகவே ஏலாது. நீ அதை உன்ர பழைய வேட்டியில சுத்தி அலுமாரிக்குள்ள வைச்சாய். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில தண்டவாளக் கரையில வெறுங்கையோட நிண்டு பாத்தனீ. குண்டு விழுந்து பாதி வெள்ளவத்தை யாழ்ப்பாணத்துக்கு ஓடின நேரம் நாங்களும் போனம், நீ வேலையைச் சாட்டிக்கொண்டு இஞ்சயே நிண்டாய். வேலையோ, கப்பலோ? எனக்குத் தெரியாதோ உன்னை?

நாங்கள் கொழும்புக்குத் திரும்பி வந்து, ஐயாவும் காலமாகி, அவரின்ர முதல் திவசத்துக்கு வந்த ஒரு மாமி என்ர நெத்திக் குங்குமத்தைப் பாத்து, இன்னும் எத்தினை நாளைக்குப் பிள்ளை எண்டு பெருமூச்சு விட்டாவெல்லோ. நீதான் போய் அவவுக்கு முன்னால நிண்டாய். "அத்தான் வருவார். வராட்டி நான் போய்க் கூட்டிக்கொண்டு வருவன். நீங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ." அண்டைக்கு உன்னைக் கட்டிப்பிடிச்சு அழவேணும் போல இருந்தது. ஆனால் உனக்குக் கண்டறியாத வாய் எண்டுதான் ஏசினன்.

அதுக்குப் பிறகு உனக்கு நெருப்புக் காய்ச்சல். சண்டையும் முடிய இருந்த நேரம். குலம், உனக்கு அப்பிடி என்ன அவசரம்? கொஞ்சம் பொறுத்திருக்கலாமேயடா. எத்தினை ராத்திரி இதையே கேட்டிருக்கிறன், ஒரு நாளாவது மறுமொழி தந்தாயா? கனத்தைச் சுடலையில எல்லாம் முடிஞ்சு ஆம்பிளையள் திரும்பி வந்து கிணத்தடியில குளிச்ச சத்தம் இண்டைக்கும் என்ர காதுக்குள்ள நிக்குது.

சரி, அழுகையை விடுறன். சண்டை முடிஞ்சு மழைக்காலம் தொடங்கின நேரம் அத்தானின்ர கடிதம் வந்தது. உயிரோட இருக்கிறார். நான் அம்மாவைக் கட்டிப்பிடிச்சுக் கத்தின கத்தலில பக்கத்து வீட்டுச் சனமும் ஓடிவந்திட்டுது. உன்னைப் பற்றி எழுதி உடன மறுமொழி போட்டனான், ஆனால் அது போய்ச் சேர முன்னம் தந்தி வந்திட்டுது. ஆக்களையும் ஏத்திக்கொண்டு வாற ஒரு சரக்குக் கப்பலில ஏறிட்டார் எண்டு, கப்பலின்ர பேரும் போட்டு. நீ இல்லை எண்டது அவருக்குத் தெரியாது.

நான் அலுமாரியைத் திறந்து கமராவை எடுத்தன். அம்மா பேசத் தொடங்கிட்டா. புருசன் வாறார், இவள் படம் பிடிக்கப் போறாளாம், நல்ல குடும்பத்துப் பெண்ணாய் ஆக்கள் இறங்கிற ஜெட்டியில போய் நில்லன். டாக்குத்தர் கப்பலில ஏறிப் பாத்து, சுங்கம் முடிஞ்சு, ஆக்களை லோஞ்சு வள்ளத்தில ஜெட்டிக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் செல்லும் எண்டு அம்மாவுக்கு விளங்கப்படுத்தினன். நீ செய்யாமல் விட்டதை ஆர் செய்யிறது எண்டு மட்டும் சொல்லேல்லை. அவ அழுவா.

கொட்டாஞ்சேனையில உன்ர படங்கள் கழுவித் தாற ஸ்டூடியோ நானாவிட்டப் போனன். பிலிம் கிடையாத காலம், மனிசன் எங்கையோ ஒளிச்சு வைச்சிருந்த ஒரு ரோலை எடுத்துப் போட்டுத் தந்தார். காசு வாங்கேல்லை. "தங்கச்சி, மூச்சப் புடிச்சிட்டு அமத்துங்க. மத்தத அல்லாஹ் பாத்துக்குவான்" எண்டு சொல்லிப்போட்டு, உன்ர பேரைச் சொல்லாமல் அங்கால திரும்பிட்டார்.

ரெண்டு தரம் வேற கப்பலுக்குப் பின்னால ஓடி ஏமாந்தன். அங்க போய்ப் பேரை வாசிச்சுப் பாத்திட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தன். மூண்டாம் தரம் விடியத் தூறிக்கொண்டிருந்தது. ரெண்டு கையாலயும் கமரா பிடிக்கவேணும், குடை பிடிக்கேலாது. உன்ர மழைக்கோட்டைச் சேலைக்கு மேலால போட்டு, உன்ர தொப்பியையும் வைச்சுக்கொண்டு வெளிக்கிட்டன். அம்மா தலையில கைவைச்சா. கோச்சியில சனம் பாத்த பார்வை! யன்னலுக்கு வெளியில தலையைப் போட்டுக் கத்தினன் குலம், நாங்கள் முந்திட்டம் எண்டு. ஆரோட "நாங்கள்" எண்டு எனக்கே தெரியாது.

அணை வாசலில ஒரு புதுக் காவல்காரன் மறிச்சான். எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில கெஞ்சினன் எண்டு சொல்லலாம். அதட்டினன் எண்டதுதான் உண்மை. விட்டிட்டான். நுனிக்குப் போய்ச் சேர மூச்சு வாங்குது, சேலை முழங்காலோட ஒட்டுது, கப்பல் திரும்புது. முன்பக்கத்தில பேரை வாசிச்சன். அதுதான். என்ர தெய்வமே, அதுதான்.

கமராவை வயித்தோட அணைச்சு, குனிஞ்சு அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ள பாத்தன். அதில எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும் எண்டு நீ ஏனடா சொல்லித் தரேல்லை? கப்பல் அங்கால போகுது, கண்ணாடிக்குள்ள இங்கால போகுது. நான் பிழையான பக்கம் திரும்பி, பிறகு மற்றப் பக்கம் திரும்பி, கடைசியாய்க் கப்பல் கண்ணாடியை விட்டு ஓடப்பாக்கிற நேரம் மூச்சைப் பிடிச்சு அமத்தினன். மேல்தட்டில ஆரோ கத்திற சத்தம் காத்தில வந்தது. நான் நிமிந்து பாக்கேல்லை. பாத்தால் ஆடிப்போடும் எண்ட பயம். நிமிந்த நேரம் கப்பலின்ர முதுகுதான் தெரிஞ்சது.

ஜெட்டிக்குப் போய்க் கோட்டையும் தொப்பியையும் கழட்டிக் கையில சுருட்டி வைச்சுக்கொண்டு, தலையை ஒதுக்கிக்கொண்டு நிண்டன். லோஞ்சில இருந்து இறங்கினவரை முதல் அடையாளம் தெரியேல்லை, அவ்வளவு மெலிவு, தலைமயிரில பாதி நரை. என்னைக் கண்டதும் அவருக்குக் கண் நிறைஞ்சிட்டுது. கையைப் பிடிச்சார். அந்தக் கைக்காக நான் எத்தினை வருசம் இருந்தன் எண்டு உனக்குத் தெரியும். பிறகு எனக்குப் பின்னால எட்டிப் பாத்து, சிரிச்சுக்கொண்டு கேட்டார்:

"எங்க குலம்? அணையில இருந்து இன்னும் வந்து சேரேல்லையோ? சொன்ன சொல்லுக் காப்பாத்திப்போட்டான் உன்ர தம்பி."

கையில இருந்த கோட்டைப் பாத்தன். அவரும் பாத்தார். அதில இருந்து தண்ணி ஒழுகிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னன், அணையில நிண்டது நான்தான், நீ இல்லை எண்டு. அந்தச் சனத்துக்கு நடுவில அவர் ஒரு பெட்டியில குந்தி இருந்து, சின்னப்பிள்ளை மாதிரி விம்மி அழுதார். சண்டைக் காலத்துப் பட்டினிக்குக்கூட அழாத மனிசனாம்.

படம் கழுவி வந்தது. ஸ்டூடியோ நானா பாத்திட்டு, கப்பல்ட தலைய வெட்டிட்டீங்களே தங்கச்சி எண்டு சிரிச்சார். ஓம், முன்பாதி இல்லை. பின்பாதியில மேல்தட்டில வரிசையாய் ஆக்கள் நிக்கினம், மங்கல்தான், ஆனால் ஆளைத் தெரியுது. எல்லாரும் சும்மா நிக்க, ஒரு மெலிஞ்ச மனிசன் மட்டும் கம்பிக்கு மேலால சாய்ஞ்சு, ரெண்டு கையையும் தூக்கி, வாயைத் திறந்து கத்திறார். நான் பயித்தியக்காரி, அவர் எனக்குத்தான் கை காட்டினார் எண்டு ஒரு கணம் வெக்கப்பட்டன். பிறகு அத்தான் சொன்னார், குலம் குலம் எண்டு தொண்டை கிழியக் கூப்பிட்டவராம். மலாயாவில செத்த ஆக்களையே பாத்துக்கொண்டிருந்த கண்ணுக்கு, கொழும்பில முதல் கண்ட ஆள் நீயாம். அட, இவனாவது உயிரோட இருக்கிறானே எண்டு சந்தோசப்பட்டவராம். ஏன் பெடியன் நிமிந்து பாக்கிறானில்லை எண்டும் நினைச்சவராம்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் அணைக்குப் போறம். கமராவும் வரும். இனி எந்தக் கப்பல் வந்தாலும் படம் ஆடினால் ஆடட்டும் குலம், நான் நிமிந்து நிண்டு கை காட்டுவன். உன்னைக் கூப்பிட்ட குரலுக்கு மறுமொழி இல்லாமல் இன்னொரு கப்பல் போக விடமாட்டன்.

உன்னோட கோச்சியில ஓடின,
உன்ர ஒரே அக்கா