சவரிமுத்துவின் அடிப்படை அளவு

பயண நாள் 212 — 08.10
சரக்குக் கப்பல் கொற்கை, வியாழன் பாதை. பதிபவர்: சட்ட அலுவலர் கனகசபாபதி. மருத்துவர் காலமானபின் மருத்துவ அறை, கப்பல் விதிகளின்படி, என் பொறுப்பில் உள்ளது. குளிர்விப்புத் திரவக் குழாயில் சிறு கசிவு. வெல்டர் சவரிமுத்துவும் பம்ப் இயக்குநர் மைதீனும் சரிசெய்கிறார்கள். மற்றவை வழக்கம்போல்.

நாள் 213 — 19.40
திரவ ஆவி சவரிமுத்துவைத் தாக்கியுள்ளது. மயக்கம், சிறுநீர் நின்றுவிட்டது. ரத்தத்தில் கிரியாட்டினின் 4.1. சிறுநீரகம் வெளியேற்றத் தவறிய கழிவின் அளவு அது. அந்த எண் தனியே எதையும் நிரூபிக்காது. நலமாக இருந்தபோது எவ்வளவு என்பதே கேள்வி. பணியேற்புக் கோப்பு 0.9 என்கிறது; இயல்பான அளவு. ஆகவே பாதிப்பு புதியது, மீளக்கூடியது. மயக்கத்திலேயே குழாய் செருகி டயாலிசிஸ் தொடங்கினேன். வடிகட்டிகள் ஒருவருக்கே போதும். மீளக்கூடிய சிறுநீரகத்துக்கே முன்னுரிமை என்பது விதி.

நாள் 214 — 06.15
சவரிமுத்து கண் விழித்தார். மருத்துவ அறையிலிருந்து உள்தொடர்பில்:
“வக்கீல் சார், 0.9, 0.9-ன்னு சொல்லுதீயளே, அது எம் ரத்தமே இல்ல. வேலைக்குச் சேரும்போது எனக்குப் பதிலா மைதீன்தான் கைய நீட்டுனான். எங்க செட்டுல இதெல்லாம் சகஜம்.”
சிரித்தார். காரணம் கேட்குமுன் வலிப்பு வந்தது. நினைவு திரும்பவில்லை.

11.30
கோப்பு செல்லாது. மருத்துவக் கணினியின் பதில்:
“முந்தைய அளவு இல்லாதபோது, சிறுநீரகம் இயல்பாக இருந்ததாகக் கொண்டு வயது, பாலினப்படி கணக்கிடலாம். மதிப்பீடு 1.1. முன்பே நோய் இருந்ததாக ஐயம் இருப்பின் இம்முறை பொருந்தாது.”
அனுமானம் எதிர்ச்சான்று வரும்வரை மட்டுமே நிற்கும். நோயற்றவர் பிறர் ரத்தத்தை ஏன் கொடுக்க வேண்டும்? மறைப்பதற்கு ஏதோ இருந்தது என்று கொள்வதே நியாயம்.

14.05
மைதீனும் பம்ப் அறையில் விழுந்தார். 3.8. அவருடைய 0.9 ஐயத்துக்கு இடமற்றது; இரு கோப்புகளிலும் அவர் ரத்தமே உள்ளது. வடிகட்டிகளை மைதீனுக்கு மாற்றும் உத்தரவு எழுதிக் கையொப்பமிட்டேன். சவரிமுத்துவின் குழாய்களை நானே கழற்றினேன்.

நாள் 216 — 17.20
சவரிமுத்து இறந்தார்.

நாள் 221 — 09.00
மைதீன் தேறிவிட்டார். உள்தொடர்பில்:
“அவன எறக்கிட்டா என்னைய ஏத்துனீய?”
காரணத்தை விளக்கினேன். மைதீன்:
“மறைக்கதுக்கு என்ன சார் இருக்கு. அவனுக்கு ஊசின்னா பயம். தீப்பொறிக்கு நடுவுல நின்னு பாடுவான், ஊசியக் கண்டா கக்கூஸ்ல போய் ஒளிஞ்சுக்கிடுவான். எல்லாருக்கும் தெரியும். நீங்க யார்ட்டயும் கேக்கலையே.”

நாள் 222 — 21.45
சவரிமுத்துவின் அளவு 1.1 ஆக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். அதை உறுதிசெய்ய அவர் தேறியிருக்க வேண்டும்.
உத்தரவு விதிக்கு உட்பட்டது. மீண்டும் படித்தேன். உட்பட்டதுதான்.

23.10
மைதீன் என் கதவுக்கு வெளியே நிற்கிறார். தட்டவில்லை. உள்தொடர்பில்:
“அவன் அம்மாவுக்கு என்னன்னு எழுதப் போறீய, சார்?”
இறப்புச் சான்றிதழில் ‘முன்பிருந்த நோய்’ என்றொரு கட்டம். ‘சிறுநீரக நோய்’ என்று எழுதியிருந்தேன். அதைக் கோடிட்டு அடித்தேன். அடித்தால் உத்தரவுக்கு ஆதாரமில்லை. மறுபடி எழுதினேன். கதவுக்கு வெளியே அவர் இன்னும்
அடித்தேன். மறுபடி